பிகேசியில் 18 மாத வேலை, கூடவே இரண்டு சின்னப் பிள்ளைகள்: மும்பையில் எங்கே வீடு பார்ப்பது?

நீங்கள் கேட்டது இதுதான். கணவருக்கு பாந்த்ரா குர்லா காம்ப்ளெக்ஸில், இங்கே எல்லாரும் சொல்கிற மாதிரி பிகேசியில், 18 மாத வேலை. நீங்கள் சம்பளமில்லாத விடுப்பு எடுத்துக்கொண்டு கோவையிலிருந்து கூட வருகிறீர்கள். மகளுக்கு 4 வயது, மகனுக்கு 8 மாதம். ஆபீஸில் ஒருவர் பவாய் என்கிறார், இன்னொருவர் தானே என்கிறார், உறவுக்காரர் செம்பூர் என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

உறவுக்காரர் சொன்னதுதான் சரி. முதலில் செம்பூர் பாருங்கள். வாடகை கைக்கு எட்டவில்லை என்றால் முலுண்ட். இந்த இரண்டையும் விட்டு வேறு பக்கம் போக உங்கள் நிலைமையில் வலுவான காரணம் வேண்டும். ஏன் என்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். காரணம் புரிந்துவிட்டால் ஒரு தெருவைப் பார்த்ததுமே இது நமக்கு ஆகும், ஆகாது என்று நீங்களே சொல்லிவிடுவீர்கள்.

மாற்றலாகி வருகிறவர்கள் பெரும்பாலும் ஆபீஸைச் சுற்றி வட்டம் போட்டுத்தான் வீடு தேடுகிறார்கள். உங்கள் வீட்டில் ஆபீஸ் போகிறவர் ஒருவர். காலையில் போனால் இரவுதான் வருவார். மீதி மூன்று பேரும் நாள் முழுக்க அந்த ஏரியாவுக்குள்ளேதான் இருக்கப்போகிறீர்கள். பால் தீர்ந்தாலும், குழந்தைக்குக் காய்ச்சல் என்றாலும், மகளைப் பள்ளியிலிருந்து கூட்டி வர வேண்டும் என்றாலும், கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு இறங்கப்போவது நீங்கள். இந்தி சரளமாக வராத முதல் சில மாதங்களில் இது லேசான காரியம் இல்லை. நிரந்தரமாக வருகிறவர்கள் முதல் வருடம் தடுமாறினாலும் அடுத்த வருடம் வேறு ஏரியாவுக்கு மாறிக்கொள்வார்கள். 18 மாதத்துக்கு வருகிற உங்களுக்கு அந்த அவகாசம் கிடையாது. இறங்கிய வாரமே அன்றாட வாழ்க்கை ஓடத் தொடங்க வேண்டும்.

அதனால் வட்டத்தை வீட்டைச் சுற்றிப் போடுங்கள். காய்கறிக் கடை, மருந்துக் கடை, குழந்தை டாக்டர், நர்சரி, ஒரு பூங்கா, எல்லாம் பத்துப் பதினைந்து நிமிட நடையில் இருக்கிற இடம் எது என்று முதலில் பாருங்கள். அது கிடைத்த பிறகு, அங்கிருந்து பிகேசிக்கு ஒரு வண்டியில், மிஞ்சிப்போனால் இரண்டு வண்டியில் போக முடிகிறதா என்று பாருங்கள்.

இந்த ஊரில் தூரத்தைக் கிலோமீட்டரில் கணக்குப் போட்டால் ஏமாந்துபோவீர்கள். மும்பை வடக்கு தெற்காக நீண்ட ஊர். லோக்கல் ரயிலில் வெஸ்டர்ன் லைன் சர்ச்கேட்டில் தொடங்கி பாந்த்ரா, அந்தேரி, போரிவலி வழியாக விராருக்குப் போகிறது. சென்ட்ரல் லைன் சிஎஸ்எம்டியிலிருந்து (சத்ரபதி சிவாஜி மகராஜ் டெர்மினஸ்) தாதர், குர்லா, முலுண்ட், தானே என்று கல்யாண் பக்கம் போகிறது. ஹார்பர் லைனும் சிஎஸ்எம்டியிலிருந்துதான், குர்லா, செம்பூர், வாஷி வழியாக பன்வேலுக்குப் போகிறது. ஒரே லைனில் மேலும் கீழும் போவது எவ்வளவு தூரமானாலும் கணக்காக முடியும். கிழக்கிலிருந்து மேற்கே சாலையில் போவதுதான் பெரிய பாடு. பவாய்க்கும் பிகேசிக்கும் நடுவே வரைபடத்தில் பெரிய தூரம் இருக்காது. ஆனால் பவாயில் லோக்கல் ஸ்டேஷன் கிடையாது, பக்கத்தில் இருப்பது காஞ்சூர்மார்க். காலையில் ஜோகேஷ்வரி விக்ரோலி லிங்க் ரோட்டில் நின்று நின்றுதான் கார் நகரும்.

பிகேசி இருப்பது பாந்த்ராவுக்கும் குர்லாவுக்கும் இடையில். இரண்டு ஸ்டேஷனிலிருந்தும் ஷேர் ஆட்டோவும் பெஸ்ட் என்கிற நகரப் பஸ்ஸும் உண்டு. மெட்ரோ 3 வந்ததும் மூன்றாவது வழியும் கிடைத்திருக்கிறது. 2024 அக்டோபரில் ஆரேயிலிருந்து பிகேசி வரை திறந்தார்கள், 2025 அக்டோபரில் கஃப் பரேடு வரை நீட்டிவிட்டார்கள். பிகேசி சின்ன இடம் இல்லை. கணவரின் ஆபீஸ் எந்த பிளாக்கில் என்று இப்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கட்டடத்துக்கு குர்லா வசதி, இன்னொன்றுக்கு பாந்த்ரா, வேறொன்றுக்கு மெட்ரோ. ஜூலை மழையில் கடைசி ஒரு கிலோமீட்டர்தான் ஆளை வாட்டும்.

இனி செம்பூர். ஹார்பர் லைனில் குர்லாவிலிருந்து திலக் நகர், அடுத்தது செம்பூர், அவ்வளவுதான். சாலையில் போனாலும் சாந்தாக்ரூஸ் செம்பூர் லிங்க் ரோடும், 2019இல் திறந்த சூனாபட்டி பிகேசி மேம்பாலமும் பக்கத்தில் இருக்கின்றன. கணவர் இரவு தாமதமானால் ஆட்டோவிலேயே வந்துவிடலாம். ஆட்டோவெல்லாம் இங்கே மீட்டர்தான். 2025இல் குறைந்தபட்சக் கட்டணம் 26 ரூபாய் ஆனது, பேரம் கிடையாது. தமிழ்நாட்டிலிருந்து வருகிறவர்கள் முதல் வாரமே இதைக் கண்டு ஆச்சரியப்படுவார்கள்.

ஆனால் நான் செம்பூரைச் சொல்வதற்கு ரயில் இரண்டாவது காரணம்தான். இங்கே தமிழர்கள் பல தலைமுறையாக இருக்கிறார்கள். மார்க்கெட்டில் முருங்கைக்காய், கறிவேப்பிலை, மாவு, டிகிரி காபித்தூள் எதற்கும் அலைய வேண்டாம். செடா நகரில் திருச்செம்பூர் முருகன் கோயில் இருக்கிறது. ஃபைன் ஆர்ட்ஸ் சொசைட்டியில் கச்சேரி நடக்கிறது, பிள்ளைகளுக்குப் பாட்டு, நடன வகுப்பும் இருக்கிறது. சாயங்காலம் டயமண்ட் கார்டனுக்கோ அம்பேத்கர் கார்டனுக்கோ பிள்ளைகளை அழைத்துப் போனால் தமிழ் பேசுகிற இன்னொரு அம்மாவோ பாட்டியோ கண்ணில் படாமல் இருக்க மாட்டார்கள். அதை அலங்காரமாக நினைக்காதீர்கள். வேலைக்குப் போய்ப் பழகிய ஒருவர் கைக்குழந்தையோடு புது ஊரில் அடைந்து கிடப்பது எவ்வளவு கனமானது என்று இங்கே வந்த இளம் தாய்மார்கள் பலரிடம் கேட்டிருக்கிறேன். ஊரிலிருந்து உங்கள் அம்மாவோ மாமியாரோ வந்து தங்கினாலும், தனியாகக் கோயிலுக்கும் கடைக்கும் போய்வருகிற தைரியம் அவர்களுக்கு இங்கே வரும்.

செம்பூர் முழுவதும் ஒரே மாதிரி கிடையாது. ஸ்டேஷனின் கிழக்குப் பக்கம், சென்ட்ரல் அவென்யூ, டயமண்ட் கார்டன், எண் வரிசையில் பெயர் வைத்த ரோடுகள், இவை மர நிழலும் நடைபாதையும் உள்ள பழைய செம்பூர். மேற்கே திலக் நகரும் செடா நகரும் வாடகைக்குக் கொஞ்சம் இறங்கிவரும். திலக் நகரில் உயரக் கட்டடங்கள் நிறைய வந்துவிட்டன. தெற்கே மாஹுல், வாஷி நாகா பக்கம் மட்டும் வேண்டாம். எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகள் அந்தப் பக்கம்தான், காற்றின் நெடி உள்ளே வரும். தேவ்னார் குப்பைமேட்டை ஒட்டிய பகுதிகளும் குழந்தைகளோடு குடியிருக்க ஏற்றவை இல்லை. புரோக்கர் இதெல்லாவற்றையும் சேர்த்து செம்பூர் என்றுதான் சொல்வார். தெருப் பெயரைக் கேட்காமல் கிளம்பாதீர்கள்.

எந்த ஏரியாவானாலும் ஸ்டேஷனுக்குக் கிழக்கா மேற்கா என்று கேட்டுக்கொள்ளுங்கள். வெளியூர்க்காரர்கள் இதைச் சாதாரணமாக விட்டுவிடுகிறார்கள். தண்டவாளத்தின் ஒரு பக்கம் வீடும் மறுபக்கம் பள்ளியும் இருந்தால், தினமும் இரண்டு தடவை குழந்தையைத் தூக்கிக்கொண்டு நடைமேம்பாலம் ஏறி இறங்க வேண்டும். வண்டியில் சுற்றிப் போனால் ஒரு மேம்பாலமோ சுரங்கப்பாதையோ தேடி நெரிசலில் நிற்க வேண்டும். வீடு, பள்ளி, டாக்டர் மூன்றும் ஒரே பக்கம் இருந்தால் அந்த வீட்டுக்குக் கொஞ்சம் கூடுதலாகவே கொடுக்கலாம்.

மாடுங்காவைப் பற்றி யாராவது சொல்லியே தீருவார்கள். மும்பைத் தமிழரின் பழைய வீடு அது. எஸ்.ஐ.இ.எஸ். கல்விக் கழகம் 1932இல் தொடங்கியது அங்கேதான். பூக்கடை, வாழை இலை, கோயில்கள், சாப்பாட்டுக் கடைகள், பக்கத்திலேயே ஷண்முகானந்தா அரங்கம். ஒரு மாதம் தங்க அதைவிட இனிய இடம் இந்த ஊரில் இல்லை என்றே சொல்வேன். ஆனால் வாடகை அதிகம். பழைய கட்டடங்கள் பலவற்றில் லிஃப்ட் கிடையாது. ஆட்டோக்கள் சயானோடு நின்றுவிடும், அதற்குத் தெற்கே டாக்சிதான். மாடி ஏற்றமும் கைக்குழந்தையும் சேர்ந்தால் தினப்படி வாழ்க்கை சிரமம். மாடுங்கா வேண்டும் என்று மனசு சொன்னால் லிஃப்ட் உள்ள வீடாகப் பாருங்கள். கிங்ஸ் சர்க்கிளில் காந்தி மார்க்கெட்டை ஒட்டிய தாழ்வான பகுதி மழைக்குத் தேங்கும் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இன்னொரு சின்ன விஷயம், நம்மவர்கள் சொல்லும் மாடுங்கா சென்ட்ரல் லைனில் இருப்பது. வெஸ்டர்ன் லைனில் மாடுங்கா ரோடு என்று வேறு ஒரு ஸ்டேஷன் உண்டு.

முலுண்ட், மும்பை மாநகராட்சியின் கிழக்கு ஓரத்துக் கடைசிப் புறநகர். அடுத்த ஸ்டேஷன் தானே. செம்பூரை விட வாடகை குறைவு, வீடு கொஞ்சம் பெரிதாகக் கிடைக்கும், மேற்குப் பக்கம் மலையும் காடும் பக்கத்தில். தமிழ்க் குடும்பங்களும் மலையாளக் குடும்பங்களும் பல வருடமாக இருக்கிற இடம். கணவர் லோக்கலில் குர்லா இறங்கி ஷேர் ஆட்டோ பிடிக்க வேண்டும். கல்யாண் பக்கத்திலிருந்து வரும் ஃபாஸ்ட் வண்டிகளில் காலையில் கால் வைக்க இடமிருக்காது. தானேயில் புறப்படும் ஸ்லோ லோக்கலில் ஏறுவது புதியவருக்கு எளிது. நேரம் சற்றுக் கூடுதல், ஆனால் ஆள் முழுசாகப் போய்ச் சேருவார்.

உணவு விஷயத்தை முதல் போனிலேயே பேசிவிடுங்கள். முலுண்ட் மேற்கு, காட்கோபர் கிழக்கு, மாடுங்காவின் சில தெருக்கள், இங்கெல்லாம் அசைவம் சமைப்பவர்களுக்கு வீடு தராத சொசைட்டிகள், அதாவது குடியிருப்புச் சங்கங்கள், உண்டு. நீங்கள் முட்டை, மீன் சமைக்கிற வீடு என்றால் மறைத்துக் குடிபோக வேண்டாம். நாள் முழுக்க அக்கம்பக்கத்துக்குப் பயந்துகொண்டு சமைப்பது ஒரு வாழ்க்கையா?

தானே கோட்பந்தர் ரோட்டில், செம்பூரில் ஒரு படுக்கையறைக்குக் கொடுக்கிற பணத்தில் இரண்டு படுக்கையறையும் நீச்சல் குளமும் கிடைக்கும். நீங்கள் நிரந்தரமாக வருகிறீர்கள் என்றால் நானே யோசிக்கச் சொல்லியிருப்பேன். ஆனால் ஸ்டேஷனுக்கே ஒரு பஸ் பயணம், பிறகு ரயில், பிறகு ஷேர் ஆட்டோ. பிள்ளைகள் விழித்திருக்கும்போது அப்பாவைப் பார்ப்பது ஞாயிற்றுக்கிழமை மட்டும் என்றாகிவிடும். கோடையில் தண்ணீர் லாரி கூப்பிடும் கட்டடங்களும் அங்கே உண்டு. பவாய் ஹீராநந்தானி அழகான இடம், நடக்கலாம், பிள்ளைகளுக்கு நல்லது, வாடகைதான் அதற்கேற்ற உயரத்தில். ஆபீஸ் கார் அனுப்புகிறது, வாடகையில் பெரும்பங்கும் தருகிறது என்றால் பாருங்கள். நவி மும்பையில் வாஷியும் நெருலும் அகலமான சாலைகளோடு நிதானமான இடங்கள். வாஷியிலிருந்து குர்லாவுக்கு ஒரே ஹார்பர் வண்டி. செம்பூர், முலுண்ட் இரண்டும் அமையவில்லை என்றால் என் மூன்றாவது தேர்வு வாஷி. ஆபீஸ் மெட்ரோ ஸ்டேஷனை ஒட்டி இருந்தால் மட்டும் அந்தேரி கிழக்கில் மரோல் பக்கத்தையும் ஒரு பார்வை பார்க்கலாம், அங்கிருந்து மெட்ரோ 3 நேராக வருகிறது.

ஏரியா முடிவானதும் கட்டடம். ஜூன் முதல் செப்டம்பர் வரை மும்பை மழையைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 2005 ஜூலை 26 அன்று சாந்தாக்ரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் கொட்டியது. அந்த மாதிரி நாள் அபூர்வம், ஆனால் தெருவில் முழங்கால் தண்ணீர் நிற்பது ஒவ்வொரு வருடமும் உண்டு. குர்லாவில் எல்பிஎஸ் ரோடு, சயான், ஹிந்துமாதா, இவையெல்லாம் பெயர்போன இடங்கள். வாட்ச்மேனிடம் கேளுங்கள், கேட் வரை தண்ணீர் வருமா என்று. புரோக்கரை விட அவர் உண்மை சொல்வார். தரைத்தளம் வேண்டாம், ஈரமும் கொசுவும். மேல்மாடியும் வேண்டாம், மொட்டைமாடியில் நீலத் தார்ப்பாய் கட்டியிருந்தால் ஒழுகுகிறது என்று அர்த்தம். நடுமாடி, நாலு பக்கமும் காற்று, துணி காய வைக்க உள்ளே இடம். புதிய உயரக் கட்டடங்களில் ஜன்னலுக்குக் கிரில் இல்லாமல் கண்ணாடி மட்டும் இருக்கும். தவழத் தொடங்கும் பிள்ளை இருக்கிற வீட்டில் கிரில் போட்டுத் தந்தால்தான் வருவோம் என்று சொல்லுங்கள். புறாவுக்கு வலை இருக்கிறதா என்றும் பாருங்கள், எச்சமும் இறகும் குழந்தையின் மூச்சுக்கு ஆகாது. குழாய் கேஸ் இருந்தால் பெரிய நிம்மதி, சிலிண்டர் மாற்றல் என்று அலைய வேண்டியதில்லை. மாநகராட்சித் தண்ணீர் எத்தனை மணிக்கு வருகிறது, தொட்டி போதுமா என்பதையும் கேளுங்கள்.

இதையெல்லாம் விட முக்கியமாக ஒன்று, இதை யாரும் தானாகச் சொல்ல மாட்டார்கள். செம்பூர், மாடுங்கா, முலுண்ட் எல்லாவற்றிலும் பழைய சொசைட்டிகள் ரீடெவலப்மென்டுக்கு, அதாவது இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டுவதற்கு, போய்க்கொண்டே இருக்கின்றன. பில்டரோடு ஒப்பந்தம் முடிந்ததும் எல்லாரும் காலி செய்ய வேண்டும், வாடகைக்கு இருப்பவர் உட்பட. வாடகை வழக்கத்தை விடக் குறைவாக இருந்தால் காரணம் பெரும்பாலும் இதுதான். சொசைட்டி செயலாளரிடம் நேராகக் கேளுங்கள்: ரீடெவலப்மென்ட் பேச்சு எந்தக் கட்டத்தில் இருக்கிறது? பக்கத்துக் கட்டடத்தையும் பாருங்கள். அதை இடிக்கப்போகிறார்கள் என்றால் 18 மாதமும் தூசியும் சத்தமும்தான், மதியம் குழந்தை தூங்காது.

பள்ளிக்காகத் தலையை உடைத்துக்கொள்ள வேண்டாம். இங்கே ஜூனியர் கேஜி, சீனியர் கேஜி என்று சொல்வது ஊரில் எல்கேஜி, யுகேஜி. பெரிய பள்ளிகள் சேர்க்கையை முந்தைய ஆண்டின் கடைசி மாதங்களிலேயே தொடங்கிவிடும், நடுவில் போனால் இடம் கிடைப்பது கடினம். உங்களுக்கு அது தேவையும் இல்லை. நடந்து போகும் தூரத்தில் நல்ல பிரீ-ஸ்கூல் போதும். மகாராஷ்டிராவில் ஒன்றாம் வகுப்பு முதல் எல்லாப் பள்ளிகளிலும் மராத்தி கட்டாயம், கேஜி வயதில் அந்தக் கவலை வராது. கவனிக்க வேண்டியது திரும்பும் தேதி. ஊரில் ஜூனில் ஒன்றாம் வகுப்பு தொடங்கும்போது நீங்கள் அங்கே இருக்க வேண்டும். வேலை முடியும் மாதம் கல்வியாண்டின் நடுவில் விழுந்தால், நீங்களும் பிள்ளைகளும் முன்கூட்டியே கிளம்புவதா என்று இப்போதே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

ஒப்பந்தம் இங்கே லீவ் அண்ட் லைசென்ஸ் என்ற பெயரில் நடக்கும். 11 மாதம் என்பது வழக்கம், சட்டம் இல்லை. 24 மாதத்துக்குப் போடுங்கள், இரண்டாம் வருட வாடகை உயர்வை இப்போதே எழுதுங்கள், நடுவில் காலி செய்ய முடியாத லாக்-இன் காலத்தை ஆறு மாதத்துக்குள் வைத்து, அதன் பிறகு ஒரு மாத நோட்டீஸில் காலி செய்யலாம் என்று சேருங்கள். 11 மாதத்துக்குப் போட்டால் புதுப்பிக்கும்போது புரோக்கர் மறுபடியும் கை நீட்டுவார். 1999ஆம் ஆண்டு மகாராஷ்டிர வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி ஒப்பந்தம் எழுத்தில் இருந்து பதிவும் ஆக வேண்டும், பதிவு செய்விப்பது வீட்டுக்காரர் பொறுப்பு. ஏஜென்ட் கைரேகைக் கருவியோடு வீட்டுக்கே வந்து முடித்துவிடுவார். அந்தப் பதிவுப் பத்திரம்தான் கேஸுக்கும் வங்கிக்கும் பள்ளிக்கும் முகவரிச் சான்று. போலீஸுக்குத் தகவல் கொடுத்த நகலை சொசைட்டி கேட்கும், அதை ஆன்லைனிலேயே செய்யலாம். டெபாசிட் பெங்களூரு மாதிரி பத்து மாதம் எல்லாம் இல்லை, சில மாத வாடகைதான். ரொக்கமாகக் கொடுக்காதீர்கள், வங்கி வழியாக அனுப்புங்கள். புரோக்கர் கமிஷன் ஒரு மாத வாடகை. இதையும் முதல் இரண்டு வாரத் தங்கும் செலவையும் ஆபீஸ் ஏற்குமா என்று கணவர் கேட்கட்டும், கேட்டால் தருகிற கம்பெனிகள் நிறைய.

மரச்சாமான் எதுவும் கோவையிலிருந்து ஏற்றாதீர்கள். கட்டில், ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின் எல்லாம் இங்கே மாத வாடகைக்குக் கிடைக்கும். மிக்சி, கிரைண்டர், குழந்தையின் தடுப்பூசி அட்டை, மகளுக்குப் பிடித்த பொம்மைகள், இவை கையோடு வரட்டும். கணவர் முதலில் தனியாக வந்து ஆபீஸ் கெஸ்ட் ஹவுஸில் தங்கி, மூன்று நான்கு வீடுகளைப் பார்த்து வைக்கட்டும். காலை எட்டரைக்கு ஒரு முறை, இரவு ஏழு மணிக்கு ஒரு முறை, அந்த வீட்டு வாசலிலிருந்து ஆபீஸுக்குப் போய்வந்து பார்க்கட்டும். பிறகு நீங்கள் வந்து கடைசி இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். முடிவு உங்களுடையதாக இருக்கட்டும். குர்லாவின் லோகமான்ய திலக் டெர்மினஸுக்கு கோவையிலிருந்து நேர் வண்டி இருக்கிறது. அது வந்து நிற்கும் இடம் திலக் நகர் ஸ்டேஷனை ஒட்டித்தான், செம்பூர் வீடுகளுக்கு அங்கிருந்து ஆட்டோவே போதும்.